பேர் போடாத படம்

மச்சான்,

இன்று காலை கடை ஷட்டரைத் தூக்கியதும் மை வாசனை முகத்தில் அடித்தது. முப்பது வருஷமாக மூக்கிலும் சட்டையிலும் ஏறிப்போன வாசனைதான். மூன்று வாரமாக மட்டும் அது வந்தாலே ஷட்டரைத் திரும்ப இறக்கிவிடலாமா என்று தோன்றுகிறது. உன் நினைவாகச் சிதம்பரத்தில் படம் போட்டோம். அதற்கு அடித்த நோட்டீஸில் மிஞ்சிய கட்டு மேசைக்கு அடியில் கிடந்தது. குப்பையில் போடப் பயம். எரிக்கவும் பயம். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் பட்டப்பகலில் ஒருவன் காகிதத்தை எரித்தால், நாலு பேர் டீ கிளாஸோடு வந்து நின்று, "இன்னாண்ணே எரிக்கிற?" என்று எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் கட்டிங் மெஷினில் வைத்து ரிப்பன் ரிப்பனாக நறுக்கினேன். அதற்குப் பிறகும் ஒரு துண்டில் உன் மகள் பேரில் பாதி தெரிந்தது. அதைத் தனியாக எடுத்து, பக்கெட் தண்ணீரில் ஊறவைத்து, கூழாகும்வரை கசக்கினேன். பேரன் எடுத்தவன் செய்கிற காரியமா இது?

நீ மௌத்தாகி எட்டு மாதம் ஆகிறது. பரங்கிப்பேட்டையில் உன்னை அடக்கிவிட்டு பஸ் ஏறிய அன்றுகூட நான் இப்படி நடுங்கவில்லை. அன்று வந்தது அழுகை. அழுதால் கொஞ்சம் குறைந்தது. இது குறையவே மாட்டேன் என்கிறது. வீட்டில் சொன்னால், "ஒனக்கு எதுக்கு இந்த ஊர்வம்பு?" என்பார்கள். உன் மனைவியிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. தப்புச் செய்தது நான்; அதற்குப் பலன் வந்தால் உன் மகளுக்கு. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்.

சிதம்பரத்தில் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். படிப்பு முடிந்ததும் நான் அப்பாவின் அச்சகத்துக்கு வந்தேன். நீ உன் பெரிய மாமாவின் கடைக்கு ஹாங்காங் போனாய். அங்கே கவுலூன் பகுதியில் பழைய கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில் குளியலறை அகலத்துக்கு ஒரு கடை. பேட்டரி, மெமரி கார்டு, வயர், ஹார்டு டிஸ்க். அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே அந்த ஊர்ச் சீனப் பேச்சான கேண்டனீஸைக் கற்றுக்கொண்டாய். முதலில் எண்கள், அப்புறம் வசவு, அப்புறம் மொழி என்று நீயே வரிசை சொல்லுவாய்.

லீவில் வந்தால் என் கடைக்கு வந்து பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, உன்னிடம் பேட்டரி வாங்க வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவாய். கம்பெனி இல்லாமல், ஸ்டார் இல்லாமல், தாங்களாகவே படம் எடுக்கிற பிள்ளைகள். வாரமெல்லாம் ஏதாவது வேலை, ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங். "பெரிய படத்துல ஒருத்தன் பறந்து பறந்து அடிப்பான் மச்சான். இதுங்க படத்துல ஒரு பொம்பள அரை மணி நேரம் துணி காயப்போடுவா. ஆனா நீ எழுந்து போவ மாட்ட" என்றாய். கடைக்காரன் வேஷம் வந்தால் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு படத்தில் கடைக்காரனாக வந்தாய். ஒன்றில்கூட உன் பேர் வரவில்லை. கூட்டத்தில் ஒருவனுக்கு யார் பேர் போடுவார்கள்? அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் மூன்று லீவில் மூன்று தடவை சொன்னாய்.

பிறகு அந்த ஊரில் காற்று மாறியது. போராட்ட ஊர்வலங்கள், அப்புறம் புதுச் சட்டங்கள். சினிமாவுக்கும் ஒன்று வந்தது. தேசப் பாதுகாப்புக்கு ஆகாது என்று தோன்றினால் படத்தை மறுக்கலாம். முன்பு கொடுத்த அனுமதியைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அனுமதி இல்லாமல் போட்டுக் காட்டினால் ஜெயில். நீ உடம்பு முடியாமல் கடையை விட்டுவிட்டு ஊருக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் எனக்கு விளக்கினாய். பெரிய படங்கள் அங்கே இன்னும் வருகின்றன, அதே கேண்டனீஸில், கூட்டமும் போகிறது. சின்னப் படங்களிலும் முதுமை, வாடகை வீடு, கணவன் மனைவி சண்டை என்று எடுத்தால் யாரும் கையைப் பிடிப்பதில்லை. நல்ல படங்களும் உண்டு என்று நீதான் அடித்துச் சொன்னாய். ஆனால் எழுதும்போதே தங்களைத் தாங்களே வெட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். வெட்டிக்கொள்ளாதவர்கள் இங்கிலாந்துக்கும் தைவானுக்கும் போய், சர்ச் ஹாலிலும் புத்தகக் கடை மாடியிலும் நாற்காலி போட்டுக் காட்டுகிறார்கள். படத்துக்குள் இருக்கிற ஊரில் மட்டும் படம் ஓடாது.

"போலீஸ்காரன் எங்க நிக்கிறான்னு தெரிஞ்சா பயம் இல்ல மச்சான். தெரியலன்னாதான் நீ நடக்கறதையே மறந்துடுவ" என்று ஒரு நாள் சொன்னாய். அன்று நான் தலையாட்டினேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. இப்போது புரிகிறது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி எடுத்த படம்தான் நம் கைக்கு வந்தது. அவள் பேரை நீ என்னிடம்கூடச் சொல்லவில்லை, "டைரக்டர் பொண்ணு" என்றுதான் சொல்வாய். கதை ஒன்றும் பெரிதில்லை. மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு அம்மா. மகள் நாட்டை விட்டுப் போக வீட்டைக் காலி செய்கிறாள். அம்மா வரமாட்டேன் என்கிறாள். விமானத்துக்கு மூன்று நாள் இருக்கிறது. அவ்வளவுதான். நடுவில் ஒரு நிமிஷம், மகள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது, ஆட்கள் ஒரு சுவரில் எழுதியிருந்ததைச் சாம்பல் பெயிண்ட் அடித்து மறைக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்றுகூடத் தெரியாது. அந்த ஒரு நிமிஷத்தை வெட்டச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் இங்கிலாந்து போய்விட்டாள். படத்தின் நல்ல பிரதி ஒன்று ஹாங்காங்கிலேயே நண்பன் ஒருவனிடம் தங்கிவிட்டது. அதைத்தான் அந்த ஊரிலேயே வேலை பார்க்கிற உன் மகள், நீ கேட்டாய் என்பதற்காக, லீவில் வரும்போது தைலப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். "ஏர்போர்ட்ல தைலத்தத்தான் மாமா மோந்து பாத்தாங்க" என்று என் கடையில் நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன சிரிப்பு அது!

ஒரு தடவை டைரக்டர் பொண்ணே இங்கே வந்தாள். நான்கு நாள் உன் வீட்டில் இருந்தாள். பிச்சாவரத்துக்குப் போனோம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் அவள் தண்ணீரின் சத்தத்தை ஒரு சின்னக் கருவியில் பதிவு செய்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. திரும்பும்போது படகுக்காரர் அன்பாக, "அல்லாரும் இப்படிப் பாருங்க" என்று போனைத் தூக்கினார். அவள் சட்டென்று குனிந்து முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. போட்டோ எடுத்தால் என்ன தேய்ந்தா போய்விடுவாள், இவ்வளவு பிகு எதற்கு என்று உன் காதில் சொன்னேன். நீ படகுக்காரரிடம் எழுந்து போய், அந்தப் போட்டோவை அழிக்கச் சொல்லி, அழித்தாரா என்று போனை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். "அவ அம்மா இன்னும் ஹாங்காங்லதான் இருக்குது" என்றாய். சரி சரி என்றேன். ஆனால் உள்ளுக்குள், கடல் தாண்டி இங்கே பிச்சாவரத்தில் எடுத்த போட்டோவை யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புத்தான் இப்போது என்னைத் தின்கிறது.

அதன் பிறகு மூன்று மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், என் கடையில் உட்கார்ந்து, படத்துக்கு அடியில் ஓடுவதற்கு வசனத்தைத் தமிழ் எழுத்தில் போட்டோம். நீ ஒரு வசனத்தைக் கேட்டு நிறுத்துவாய், தமிழில் சொல்லுவாய், நான் அடிப்பேன். திரையில் இரண்டு வரிக்கு மேல் நிற்காது என்பதால் நான் சுருக்குவேன், நீ சண்டைக்கு வருவாய். கடைசியில் பேர்கள் வரும் இடம் வந்தது. இயக்கம் என்று ஒரு வரி, அதற்கு எதிரே கறுப்பு. ஒளிப்பதிவு, கறுப்பு. ஒலி, கறுப்பு. அம்மாவாக நடித்தவர், கறுப்பு. ஒரு பேர்கூட இல்லை. முப்பது வருஷமாகப் பேர்களை அடுக்கியே பிழைத்தவன் நான். அந்த வெறும் கறுப்பைப் பார்த்ததும், அடிக்க வைத்த விரலை எடுத்துவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு ஒரே பயம்தான் உண்டு, பேர் விட்டுப்போவது. பண்ருட்டிப் பக்கத்து வீடு ஒன்றின் பத்திரிகையில் நான் ஒரு தாய்மாமன் பேரை விட்டுவிட்டு, அந்த ஆள் கடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்த கதை உனக்கே தெரியும். அதிலிருந்து யார் எதை அடிக்கக் கொடுத்தாலும், "வேற யாரு பேராவது உட்டுப்போச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று மூன்று தரம் கேட்பேன். பேரோடு படிப்பு, படிப்போடு உத்தியோகம், உத்தியோகத்தோடு வெளிநாடு என்றால் அடைப்புக்குறிக்குள் நாடு. அதுதான் நம் ஊர் மரியாதை. அதை நான் உனக்குச் சொன்னபோது நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். "இங்க பேரு உட்டுப்போனா சண்டை. அங்க பேரு வந்தா வம்பு. நீ அங்க கடை போட்டீன்னா ஒரே நாள்ல எல்லாரயும் உள்ள தள்ளிடுவ மச்சான்!" என்றாய்.

டைரக்டர் பொண்ணுதான் சொன்னாள், நீ ஊருக்கே திரும்பிவிட்டாய், உனக்கு ஆபத்தில்லை, உன் பேர் வரட்டும் என்று. அந்தக் கறுப்பு வரிகளுக்கெல்லாம் கடைசியில், "தமிழில்" என்று போட்டு உன் பேரை அடித்தேன். முழுப்பேர், தகப்பன் பேரோடு. நீ அதைத் திரையில் பார்த்துவிட்டு வெட்கப்பட்டாய். "எல்லாரும் மூஞ்ச மூடிக்கிட்டு நிக்கிற போட்டோல நான் மட்டும் பல்ல காட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்குடா" என்றாய். எடுத்துவிடவா என்று கேட்டேன். நீ அந்த இடத்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாய். "இருக்கட்டும். ஒரு படத்துலயாவது இருக்கட்டும்" என்றாய். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், படத்தை எப்போது போடுகிறோம் என்றுதான் கேட்டாய். போடுவதற்குள் போய்விட்டாய்.

அதனால்தான் மச்சான், போன மாதம் சிதம்பரத்தில் மேல வீதி டியூஷன் சென்டர் மாடியில் உன் நினைவாக அதைப் போட ஏற்பாடு செய்தேன். நோட்டீஸையும் நானே எழுதினேன், நானே அடித்தேன். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் தெரியுமா? மேலே நினைவாக என்று உன் பேர் மட்டும். டைரக்டர் பேர் இல்லை. நடிகர் பேர் இல்லை. படத்தின் பேர்கூட இல்லை, "அங்கே காட்ட விடாத ஒரு கேண்டனீஸ் படம்" என்றுதான் போட்டேன். எல்லாம் முடித்து, பழக்க தோஷத்தில், யார் பேராவது விட்டுப்போனதா என்று என்னையே மூன்று தரம் கேட்டுக்கொண்டேன். விட்டுப்போயிருந்தது. அடியில் நன்றி என்று போட்டு, "இப்படத்தை ஹாங்காங்கிலிருந்து கொண்டுவந்து சேர்த்த அன்பு மகள்" என்று தொடங்கி, உன் மகள் பேர், அவள் எம்.காம்., அவள் வேலை பார்க்கிற கப்பல் சரக்குக் கம்பெனி, அடைப்புக்குறிக்குள் ஹாங்காங். அச்சுக்கோத்து, பார்த்து, திருப்தியாகி, அடித்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

கூட்டம் நல்ல கூட்டம். நாற்பது பேருக்கு மேல் வந்து, பத்துப் பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். மீன்காரம்மா பேசும்போது கைதட்டினார்கள். உன் பேர் திரையில் வந்தபோது உன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்தச் சந்தோஷத்தில் நோட்டீஸைப் போட்டோ எடுத்து உன் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு டிக், நீலம். பார்த்துவிட்டாள். பதில் இல்லை. வேலையில் இருப்பாள் என்று நினைத்தேன். அடுத்து அனுப்பியதற்கு ஒரே ஒரு டிக். மறுநாளும் ஒரு டிக். கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையில் நின்று அந்த நோட்டீஸை ஒரு அந்நியனைப் போல எடுத்துப் படித்தேன். படித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அனுமதி இல்லாத படத்தை அந்த ஊரிலிருந்து எடுத்து வந்தது யார், அவள் என்ன படித்தாள், எங்கே போனால் அவளைப் பிடிக்கலாம், எல்லாம் பத்துப் பாயிண்ட் எழுத்தில், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தவளையாவது தன் வாயால் கெடும். நான் என் வாயால் இன்னொருவன் பெற்ற பிள்ளையைக் கெடுத்திருக்கிறேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? படத்துக்கு வந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, நோட்டீஸை எங்கேயாவது போட்டிருந்தால் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அதனால் என்ன ஆனது தெரியுமா? அதுவரை சும்மா இருந்தவர்களெல்லாம், "இந்த நோட்டீஸை யாரும் பகிர வேண்டாம்" என்று எழுதி, கீழேயே நோட்டீஸையும் ஒட்டி, பத்து குரூப்பில் போட்டார்கள். பரங்கிப்பேட்டை குரூப், சிங்கப்பூர் குரூப், கடைசியில் ஹாங்காங்கில் இருக்கிற நம் ஆட்களின் குரூப். அங்கே உன் சொந்தக்காரர் ஒருவர், "மாஷா அல்லாஹ், நம்ம ஊர்ப் பிள்ளை" என்று பெருமையாக எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். பெருமையைப் பார்த்து இப்படிப் பயந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

உன் மனைவி போன் செய்தாள். "புள்ள நாலு நாளா பேசலண்ணே. ஒங்ககிட்ட எதுனா சொன்னுச்சா?" என்றாள். "வேல ஜாஸ்தியா இருக்கும்மா" என்றேன். போனை வைத்துவிட்டு, பின்பக்கம் போய், பக்கெட் தண்ணீரில் முகத்தைக் கழுவினேன். செம்மங்குப்பம் ஃபேக்டரிகளிலிருந்து வேலை முடிந்து வருகிறவர்களின் பஸ் கடை வாசலில் பிரேக் போட்டாலும் திடுக்கிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது. எங்கோ ஒரு நாட்டுப் போலீஸ் கடலூர் அச்சகத்துக்கு வராது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் என்னிடம் வரவேண்டியதில்லையே. அவள் அங்கேயேதானே இருக்கிறாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. பின்னால் காற்றும் படகின் ஊதல் சத்தமும் கேட்டது.

"மாமா, நான்தான். பேர் சொல்லாதீங்க."

அம்மா அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கேன் மாமா. பயப்படாதீங்க. நோட்டீஸப் பாத்ததும் பயந்து போயி வாட்ஸ்அப்ப எடுத்துட்டேன், பழைய சிம்மயும் கழட்டித் தூக்கிப் போட்டுட்டேன். இது கூட வேல செய்யற பொண்ணோட போனு. ஆபீஸ்ல மேல இருக்கறவரு கூப்புட்டு அந்த நோட்டீஸக் காட்டினாரு. போனக் காட்டினா தமிழயும் அதுவே படிச்சுச் சொல்லிடுது. இது நீயான்னு கேட்டாரு."

"நீ இன்னாம்மா சொன்ன?"

"நான் இல்லன்னேன். எங்க ஊர்ல இந்தப் பேர்ல நெறய பேர் இருக்காங்க, கம்பெனி பேர தப்பாப் போட்டிருக்காங்கன்னு சொன்னேன். அவரு நம்பினாரா தெரியல. சரின்னுட்டாரு. அப்புறம்..." அவள் குரல் உடைந்தது. "மேல வாப்பா பேரு இருந்துச்சுல்ல மாமா. இது ஒங்க அப்பாவான்னு கேட்டாரு. இல்லன்னுட்டேன். எனக்கு யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினேன்.

"கம்பெனிலேர்ந்து என் விசாவப் புதுப்பிக்கக் கொடுத்திருக்காங்க மாமா. அது வர்ற வரைக்கும்... வாப்பா பேர எடுத்துடுங்க. படத்துலேர்ந்தும் எடுத்துடுங்க. எங்கயும் இருக்க வாணாம். உம்மாகிட்ட நான் பேசிக்கறேன், ஒன்னும் சொல்லிடாதீங்க." அழுகிறாளா, காற்றா என்று தெரியவில்லை. என் மேல் ஒரு கோபச் சொல் இல்லை. திட்டியிருக்கலாம்.

அன்றே எடுத்தேன் மச்சான். உனக்குத் தெரியும், அது என்ன வேலை, கோப்பைத் திறந்து கடைசி வரிக்குப் போய் அழிப்பதுதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. நீ ஆசையாக ஒன்று கேட்டாய். ஆயுசில் என்னிடம் நீ கேட்டது அது ஒன்றுதான். "ஒரு படத்துலயாவது இருக்கட்டும்." அதை நானே அழித்தேன். இப்போது அந்த இடத்தில் மற்றவர்களுக்கு இருக்கிற அதே கறுப்பு. இந்தக் கடிதத்தில் எங்கேயும் உன் பேர் இல்லை, பார்த்தாயா? அவள் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. எல்லோர் பேரையும் பட்டம் பதவியோடு அடித்துத் தள்ளிய கை இது. மன்னித்துவிடு என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை இங்கே கடலூரில், சிதம்பரத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டார்கள் என்று, உன் பேரை நீக்கிய படத்தை ஒரு நண்பர் வீட்டு ஹாலில் போட்டோம். நோட்டீஸ் இல்லை, ஒன்றும் இல்லை, வாயால் சொல்லி வந்த பதினைந்து பேர். படம் முடிந்ததும் துறைமுகத்துப் பள்ளி டீச்சர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"தமிழ் யாருங்க எழுதினது?"

"தெரியலைங்க. பேர் போடல" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது வாயில்! உன் மகள் அங்கே சொன்னதையேதான் நான் இங்கே சொன்னேன்.

"நம்ம பக்கத்து ஆளாத்தாங்க இருக்கணும். அந்த மீன்காரம்மா பேசுதே, அது அப்படியே நம்ம பக்கத்துப் பேச்சு. பரங்கிப்பேட்டை, இல்லன்னா அந்த சுத்துவட்டாரம்" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் நல்லதாகத்தான் சொன்னார். நானோ உடனே ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். பேரை எடுத்தாலும் நீ அங்கேயே உட்கார்ந்திருக்கிறாய். நான் அப்போதே வசனத்தை நல்ல எழுத்துத் தமிழில் போடலாம் என்றேன், நீதான் கேட்கவில்லை. "அந்தக் கெழவி பொஸ்தகத்துச் சீனத்துலயா பேசுது? அவுங்க பேசற பேச்ச எழுத்துல போட்டாலே பெரிய எடத்துல மொகம் சுளிக்கிறானுங்க மச்சான். அந்தப் பேச்சுக்காகத்தான் இதுங்க படமே எடுக்குதுங்க" என்றாய். அன்று உனக்கு மூச்சு வாங்கியது. அதனால் விட்டுக்கொடுத்தேன்.

நேற்று கோப்பை மறுபடியும் திறந்தேன். ஊர் தெரியாமல், ஆள் தெரியாமல் எல்லா வசனத்தையும் மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். மூன்றாம் நாள் மகள் பெட்டியைப் பூட்டும்போது அம்மா சொல்லுவாளே, "நான் ஜாஸ்திதான் பேசறேன், கேட்டுக்க. இந்த மீன் நாத்தத்த உட்டுட்டு நான் எங்க போறேன்?" அதை அழித்துவிட்டு, "நான் அதிகமாகவே பேசுகிறேன், கேட்டுக்கொள். இந்த மீன் வாடையை விட்டுவிட்டு நான் எங்கே செல்வேன்?" என்று அடித்தேன். படத்தை ஓட்டிப் பார்த்தேன். அந்த அம்மா வாயைத் திறக்கிறாள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது. நீ இல்லை. நிஜமாகவே இல்லை. உன்னை அடக்கிய அன்றுகூட எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழைய வரியைத் திரும்பப் போட்டேன். அடுத்த வரியை மாற்றப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு வரிகூட முடியவில்லை மச்சான்.

அப்போதுதான் புது எண்ணிலிருந்து அவள் செய்தி வந்தது. விசா இன்னும் வரவில்லையாம். கடைசியில் கேட்டிருந்தாள்: "எல்லாத்தயும் எடுத்தாச்சா மாமா?"

திரையில் உன் வரிகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவளிடம் நான் இதுவரை பொய் சொன்னதில்லை. "எடுத்தாச்சும்மா" என்று அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்து நீலமானது. அவள் நம்பிவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.